ஊறல் வயலின் காலடிகள்

அந்த வாரம் முழுக்க மூடுபனி விலகவே இல்லை. காலையில் மெரின் வேனை நிறுத்தி இறங்கும்போது, எதிரே வயல் இருக்கிறதா இல்லையா என்றே நிச்சயமாகச் சொல்ல முடியாது. முதலில் காலுக்குக் கீழே அறுத்துப் போட்ட பார்லித் தாள்கள் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தால் பொக்லைனின் மஞ்சள் நிறம் பாலில் கரைத்தது போலக் கலங்கித் தெரியும். இன்னும் கொஞ்சம் நடந்தால்தான் முந்தின நாள் வெட்டிய பள்ளத்தின் விளிம்பு வரும். அதற்குள் பின்னால் திரும்பிப் பார்த்தால் வேன் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது.

ஹாஸ்லிங்கம் என்கிற அந்தக் கிராமம் இங்கிலாந்தில், சஃபோக் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், நிலம் தட்டையாகிச் சதுப்பாக மாறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஊருக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய வயலுக்கு ஊறல் என்று பெயர். அங்கே வீடுகள் வரப்போகின்றன. வீடு கட்டுவதற்கு முன்னால் மண்ணுக்கு அடியில் பழையது ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் மெரின் ஹாஸ்கெட்டின் வேலை. வயல் முழுவதையும் தோண்டிப் பார்ப்பதில்லை. நீளநீளமான சோதனைப் பள்ளங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டுவார்கள். நூறு பங்கில் நாலைந்து பங்கைத் திறந்து பார்த்துவிட்டு, மீதி எப்படி இருக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இருபது வருடங்களாக அவள் செய்து வருவது இதைத்தான். தூங்குகிறவரின் போர்வையை ஓரத்தில் விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் போர்த்திவிடுகிற வேலை என்று அவளுக்கே சில சமயம் தோன்றும். ஒரு வயலையும் அவள் முழுதாகப் பார்த்ததில்லை.

ஊறலில் அதுவரை ஒன்றும் அகப்படவில்லை. பொக்லைன் ஓட்டும் நெவில், பல் இல்லாத அகல வாளியால் மேல்மண்ணை வழித்து வழித்து ஒதுக்குவான். அடியில் மஞ்சள் களிமண்தான் வரும். பழைய உழவுச்சாலின் தடமும் உடைந்த வடிகால் குழாயும் தவிர வேறெதுவும் தென்படாது. படம் எடுக்கும் ஹ்யூ, வேல்ஸ்காரன், அதிகம் பேசாதவன், வெறும் களிமண்ணையே விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தினமும் பத்து மணி வாக்கில் பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும் விழுகிற சத்தம். ஆள் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே தெரிந்துவிடும், ஆப்ரி தர்கெட்டில் வருகிறார் என்று. வயல் அவருடையது. எழுபதைத் தாண்டியவர். மகன் லீட்ஸ் நகரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான்; அவனுக்கு மண்ணில் நாட்டமில்லை. இரண்டு வருடம் முன்பு மாடுகளை விற்றார். இப்போது வயலையும் விற்கிறார். வயல் கேட்டின் மேல் சாய்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டு கேட்பார்.

"என்னம்மா, ராஜா கிரீடம் ஏதாவது அகப்பட்டுதா?"

"இன்னும் இல்ல மிஸ்டர் தர்கெட்டில். உங்க அப்பா பதிச்ச வடிகால் குழாய்தான் அகப்பட்டுச்சு."

"உடைச்சிட்டீங்களா?"

"லேசா."

"எங்கப்பா இருந்திருந்தா உங்களை அதே பள்ளத்துல வெச்சு மூடியிருப்பாரு."

கேலியாகத்தான் சொல்வார். ஆனாலும் தினமும் வருவார். விற்கப்போகிற நிலத்தைப் பார்க்க வருகிறாரா, ஆட்களைப் பார்க்க வருகிறாரா என்று மெரினுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

கடைசிப் பள்ளம் வயலின் தாழ்ந்த மூலையில், ஆற்றுப் பக்கமாக இருந்தது. மாவட்ட அலுவலகம் ஒப்புக்கொண்ட வரைபடத்தில் அது அங்கேதான் போட்டிருந்தது. நெவில் மெஷினை அந்தப் பக்கம் திருப்பியதும் ஆப்ரி கையை ஆட்டினார்.

"அந்த மூலைக்குப் போகாதப்பா. அந்த இடத்துக்கு அடி கிடையாது. எங்க டிராக்டரை எத்தனை தடவை முழுங்கியிருக்கு தெரியுமா?"

நெவில் மெஷினின் கண்ணாடி ஜன்னலைத் திறந்து சிரித்தான். "இது டிராக்டர் இல்ல சார். சங்கிலிப் பட்டை. தண்ணி மேலேயே நடக்கும்."

"தண்ணி மேல ஏசுநாதர்தான் நடந்தாரு. அவரு பொக்லைன்ல வரல."

மெரின் முன்னால் நடந்து தரையைக் காலால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. அதனால் நெவிலை வரச் சொன்னாள். பாதிப் பள்ளம் ஒழுங்காக வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு இடது பக்கப் பட்டை ஒரு பெருமூச்சு விட்டது போல மெதுவாக, அவசரமே இல்லாமல் கீழே இறங்கியது. மெஷின் சாய்ந்து நின்றது. நெவில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் இறங்கியது. இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

ஆப்ரி பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி நீட்டினார்.

"குடிக்கிறியாப்பா? இனி உனக்கு நேரம் நிறைய இருக்கு."

அவருடைய டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்து மெஷினைக் கரையேற்றுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. எல்லோரும் கேட் பக்கம் போன பிறகும் மெரின் மட்டும் அங்கேயே நின்றாள். பட்டை புதைந்த இடத்தில் மஞ்சள் களிமண்ணைக் கிழித்துக்கொண்டு கறுப்பு மண் மேலே வந்திருந்தது. அதிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. அழுகிய வாசனை அல்ல. மழை விட்ட பிறகு குளத்தங்கரையில் நிற்கும்போது வருமே, அந்த வாசனை. குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பிட்டாள். உள்ளே ஹேசல் மரத்தின் இலை ஒன்று. பச்சையாக, நரம்பு நரம்பாக, நேற்று விழுந்தது போல இருந்தது. ஹ்யூவைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் காற்றுப் பட்டு இலை ஓரத்திலிருந்து பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து, கையில் ஒரு கறையாகிப் போனது.

எத்தனையோ நூற்றாண்டுகள் காத்திருந்த பச்சை நிறத்தைப் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அந்த நினைப்பு அன்றிரவு முழுக்க அவளுடன் இருந்தது.

மறுநாளிலிருந்து மெஷினுக்கு வேலை இல்லை. மெரினும் ஹ்யூவும் பலகை போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, கரணையால் சுரண்டினார்கள். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் விஷயம் தெளிவானது. யாரோ ஒரு காலத்தில் அங்கே அகலமாக ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் செங்குத்து. மறுபக்கம் மாடுகள் இறங்கி ஏற வசதியாகச் சரிவு. ஊற்று சுரக்கிற இடம் பார்த்து வெட்டிய தண்ணீர்க் குழி. மண்ணோடு கலந்து கிடந்த முரட்டுப் பானை ஓடுகளைப் பார்த்து, மூவாயிரம் வருடத்துக்கு முற்பட்டது என்று மெரின் கணக்குப் போட்டாள். ஆப்ரியின் டிராக்டர்களையும் நெவிலின் மெஷினையும் விழுங்கியது அந்தக் குழிதான்.

சரிவில் சாம்பல் நிறக் களிமண் பரவியிருந்தது. அதன் மேல் அங்கங்கே வெளிறிய திட்டுகள். மெரின் முதலில் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அப்புறம் ஒரு திட்டின் முன்னால் ஐந்து சின்னப் புள்ளிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். பெரியது ஒன்று, பிறகு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே நாலு.

கரணையைக் கீழே வைத்தாள். சட்டைப் பையிலிருந்து ஐஸ் குச்சி ஒன்றை எடுத்து மெல்லச் சுரண்டினாள். வெளிறிய வண்டல் மாவு மாதிரி கிளம்பி வந்தது. அடியில் கட்டைவிரலின் குழிவு. குதிகாலின் வட்டம். நடுவே உள்ளங்கால் வளைவு தொடாமல் விட்ட இடம். சேற்றில் யாரோ மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது காய்வதற்குள் ஒரு வெள்ளம் வந்து மெல்லிய வண்டலைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறது. வேறொன்றுமில்லை. ஆனாலும் அந்தக் குழிவுக்குள் விரலை வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அறிமுகமில்லாத ஒருவரின் காலைத் தொடுவது போல.

அன்று மாலைக்குள் சரிவு முழுக்கத் தடங்கள் எழுந்து வந்தன. பிளவுபட்ட மாட்டுக் குளம்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக. அவற்றின் ஓரத்தில், கீழே இறங்குவதும் மேலே ஏறுவதுமாக, மனிதக் கால். சுற்றிலும் பனி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேய்ச்சலில் யாருடைய மாடுகளோ கத்தின. பனியில் சத்தம் பக்கத்தில் கேட்டது. ஒரு கணம் மெரினுக்கு எந்த மாடுகள் கத்துகின்றன என்றே தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஹ்யூவும் தலையைத் தூக்கியிருந்தான்.

"உனக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

"ம்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்தான்."

"அப்படித்தான் நானும் சொல்லிக்கிட்டேன்" என்றான் ஹ்யூ.

மறுநாள் காலை ஆப்ரி வந்தபோது மெரின் கேட் வரைக்கும் போய் அவரைக் கூப்பிட்டாள். பலகை மேல் பத்திரமாக நடத்திக் கூட்டிவந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கேலி பேசுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"இடது கால்" என்றார் கடைசியில்.

"ஆமா." அவளும் அதைக் கவனித்திருந்தாள். வலது கால் தடம் நேராக, ஆழமாக விழுந்திருந்தது. இடது கால் ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. விரல்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. தூக்கி வைக்க முடியாமல் இழுத்த கோடு. "எல்லாத் தடத்துலயும் அப்படியே இருக்கு. ஒரே ஆள்தான். திரும்பத் திரும்ப வந்திருக்காங்க."

"இடுப்புல அடி. கால்ல இல்ல. கால்ல அடின்னா இப்படித் திரும்பாது." தன் தடியால் தன் காலையே தட்டிக் காட்டினார். "எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. இதே வயல்ல, இதோ அந்தக் கேட்டுல வெச்சு ஒரு கிடாரி என்னை நசுக்கிடுச்சு. வேணும்னு செய்யல, பாவம். ஏதோ பயந்துடுச்சு. அதுக்கப்புறம் ஊர்ப் பசங்க எனக்குக் கடிகாரம்னு பேர் வெச்சாங்க. ஒரு கால் டிக்கு, ஒரு கால் டாக்கு."

மெரின் அவர் காலையும் சரிவிலிருந்த தடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவம் இவன்" என்றார் ஆப்ரி. "குளிர்ல இந்தச் சேத்துல இறங்குறது லேசுல்ல. ஏறும்போதுதான் வலி உசுரை எடுக்கும்."

"பொம்பளையாக்கூட இருக்கலாம். கால் சின்னதுதான்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "பொம்பளைன்னா இன்னும் பாவம். வீட்டுக்குப் போயும் வேலை பார்க்கணும்."

அன்று மத்தியானம் மாவட்டத் தொல்லியல் அதிகாரி இமோஜன் ரூக் வந்தாள். சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று சொல்ல வேண்டியவள். சின்ன வயதுக்காரி, நியாயமானவள். தடங்களைப் பார்த்ததும் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கலங்கவில்லை.

"இதுக்கு மேல தோண்ட வேணாம் மெரின். இருக்கிறதைப் படம் எடுங்க, வரைங்க, அப்புறம் பத்திரமா மூடிடுங்க."

"மீதிக் குழி?"

"அதுவும் அப்படியே இருக்கட்டும். இந்த மூலையில வீடு வேணாம்னு நான் எழுதுறேன். வீடு கட்ட அனுமதி குடுக்கிற கமிட்டி ஒத்துக்கும்னுதான் நினைக்கிறேன். இத்தனை நாள் பத்திரமா இருந்த இடம் இது. மியூசியம் அலமாரியைவிட இதுதான் இதுக்கு நல்ல இடம்."

மெரினுக்கும் அது தெரியும். அவளிடம் யாராவது கேட்டிருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். ஆனாலும் சரிவின் மறுகோடியில், இன்னும் திறக்காத களிமண்ணுக்குள் அந்தக் கால் எங்கே போகிறது என்று பார்க்காமல் மூடுவதை நினைத்தபோது, நல்ல கனவின் நடுவில் யாரோ தோளைத் தட்டி எழுப்பியது போல இருந்தது.

"நாளைக்கு மழை சொல்லியிருக்காங்க" என்றாள் இமோஜன், கார்க் கதவைச் சாத்தும்போது.

மறுநாள் விடிந்தபோது பனி இல்லை. ஒரு வாரம் கழித்து வயலின் நாலு எல்லையும் முதல் தடவையாகத் தெரிந்தன. மேற்கே வானம் ஈயம் மாதிரி இருந்தது. குழிக்குள் இரவோடு இரவாகத் தண்ணீர் ஊறியிருந்தது. எந்த வேலைக்காக அதை வெட்டினார்களோ அந்த வேலையை அது மறக்கவில்லை. வாடகைக்கு எடுத்த சின்னப் பம்பு கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு, சேறு அடைத்து நின்றுபோனது. ஹ்யூ அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வேல்ஸ் மொழியில் ஏதோ திட்டினான். தண்ணீர் சரிவில் விரல் விரலாக ஏறியது. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த தடத்தின் குதிகால் மெல்லக் கலங்கி, விளிம்பு மழுங்கி, ஒரு வட்டமாகி, அதுவும் இல்லாமல் போவதை மெரின் பலகை மேல் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் தொங்கிய இழுவண்டியில் வைக்கோல் கட்டுகள், பெரிய தார்ப்பாய், துருவேறிய பெரிய பம்பு ஒன்று. ஆப்ரி இறங்கி வந்தார்.

"மாட்டுச் சாணிக் குழியை இறைக்கிற பம்பு. நாத்தம் அடிக்கும். கண்டுக்காதீங்க."

"இது உங்க வேலை இல்லையே மிஸ்டர் தர்கெட்டில்."

"ஆப்ரின்னு கூப்பிடும்மா. கையைக் கட்டிக்கிட்டு வீட்டுல உக்காந்து ஜன்னலைப் பாக்கிறதும் என் வேலை இல்ல."

நெவில் இந்தத் தடவை கெட்டியான தரையிலேயே மெஷினை நிறுத்தி, கையை எட்டும்வரை நீட்டி, தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் கிழித்தான். ஆப்ரியும் மெரினும் வைக்கோல் கட்டுகளை மேட்டுப் பக்கம் வரிசையாக அடுக்கினார்கள். நாலு மூலையிலும் கம்பு நட்டுத் தார்ப்பாயைக் கட்டினார்கள். பம்பு கனைத்து, உலுக்கி, ஓடத் தொடங்கியது. நாற்றம் உண்மைதான். மழை வந்து தார்ப்பாயின் மேல் கொட்டியபோது தண்ணீர் ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கக்கூடச் செய்தது.

தார்ப்பாய்க்கு அடியில் வெளிச்சம் பச்சையாக, குளத்துக்கு அடியில் இருப்பது போல இருந்தது. ஹ்யூ ஒவ்வொரு தடத்தையும் எல்லாப் பக்கத்திலிருந்தும் அடுக்கடுக்காகப் படம் எடுத்தான். பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்தால் ஆழமும் மேடும் அப்படியே எழுந்து வரும். மெரின் வரைந்தாள். மழைச் சத்தமும் பம்பின் சத்தமும் ஒன்றாகி, ஒரு கட்டத்தில் சத்தமே இல்லாதது போல ஆனது. பென்சில் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. வலது கால், இடது கால், இழுத்த கோடு. வலது கால், இடது கால், இழுத்த கோடு. கையே நொண்டி நொண்டி நடப்பது போல அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் யாரோ குனிந்து தண்ணீர் மொள்வது போலவும், அவர் முதுகு மட்டும் தெரிவது போலவும் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காது என்று தெரியும். பார்க்காமல் இருந்தால் இருக்கட்டுமே என்று வரைந்துகொண்டே போனாள்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. மழையும் தூறலாகிவிட்டது. மூடுவதற்கு மணலும் துணியும் வேனில் தயாராக இருந்தன.

ஆப்ரி கேட்டார். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே. நான் ஒரு தடவை அதுல கால் வெச்சுப் பாக்கட்டுமா? அளவு சரியா இருக்கான்னு."

மெரினுக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அவளுக்கே அந்த ஆசை இருந்தது. "வேணாம் ஆப்ரி. வெச்சா அது போயிடும்."

"சரிதான்." அவர் கோபப்படவில்லை. "கேட்டு வெச்சேன்."

அவளும் ஹ்யூவும் துணிச் சுருளை எடுக்க வேனுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது ஆப்ரியின் பூட்ஸ் பலகை மேல் ஜோடியாக இருந்தது. உள்ளே காலுறைகள் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் குழியின் சரிவில் நின்றிருந்தார். தடங்கள் இருந்த பக்கம் அல்ல. அதற்கு ஓரமாக, ஒன்றும் இல்லை என்று அவர்கள் ஏற்கெனவே பார்த்து முடித்த வெறும் களிமண்ணில். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். தடியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினார். தண்ணீர் விளிம்பு வரை போனார். கொஞ்சம் நின்றார். திரும்பி ஏறி வந்தார். வலி உயிரை எடுத்திருக்க வேண்டும். முகத்தில் அது தெரிந்தது. வேறு ஏதோ ஒன்றும் தெரிந்தது.

ஹ்யூ மெரினைப் பார்த்தான். அவள் ஆப்ரியைத் தடுக்கவில்லை. இருபது வருட வேலையில் ஒரு பள்ளத்துக்குள் யாரையும் இப்படி இறங்க விட்டதில்லை. சாதாரண நாளாக இருந்தால் கத்தியிருப்பாள்.

ஆப்ரி பலகை மேல் உட்கார்ந்து, சேறு அப்பிய கால்களை நீட்டிக்கொண்டார். கால்கள் குளிரில் சிவந்திருந்தன.

"அழிச்சிடும்மா" என்றார். "உன் வேலையைக் கெடுக்கணும்னு செய்யல. அந்த ஆள் தனியா நடந்துக்கிட்டே இருக்கிறதைப் பாத்ததும் என்னமோ போல ஆயிடுச்சு. அவ்வளவுதான். கரணையை எடுத்து வழிச்சு விட்டுடு."

மெரின் கரணையை எடுத்தாள். இறங்கிப் போய் அந்தத் தடங்களின் அருகே குனிந்தாள். அகலமான பாதங்கள். வலது கால் ஆழமாக. இடது கால் வெளியே திரும்பி, முன்னால் ஒரு கோடு. தடியின் துளை மட்டும் புதுசு. நாலடி தள்ளி அந்தப் பழைய வரிசை. இரண்டும் ஒரே திசையில், ஒரே தண்ணீரை நோக்கி இறங்கின. கரணையை ஒரு தடவை இழுத்தால் போதும்.

"ஹ்யூ," என்றாள், "இதையும் படம் எடு."

"இதையா?"

"ஆமா. முழுசா. மத்ததை எடுத்த மாதிரியே."

ஹ்யூ கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கினான். மெரின் வரைபடத்தின் ஓரத்தில் அந்த வரிசையையும் வரைந்தாள். பிறகு எல்லோரும் சேர்ந்து துணியை விரித்தார்கள், இரண்டு வரிசைகளின் மேலும். அதன் மேல் மணலை மெல்லத் தூவினார்கள். ஆப்ரி வெறுங்காலோடு நின்று வாளி வாளியாக எடுத்துக் கொடுத்தார். இருட்டத் தொடங்கியபோது நெவில், மெஷினின் பெரிய கையால், தொட்டில் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற நிதானத்தோடு மண்ணைத் தள்ளி மூடினான்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு இமோஜன் தொலைபேசியில் கூப்பிட்டாள். கையில் மெரினின் அறிக்கை இருந்திருக்க வேண்டும். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எல்லாம் நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். ரெண்டாவது வரிசைத் தடம்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே. காலம் எழுதலையே?"

"எழுபத்தொண்ணு."

"என்ன எழுபத்தொண்ணு? கிமுவா?"

"இல்ல. அவர் வயசு."

மெரின் திட்டுக்குத் தயாராக இருந்தாள். நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"நான் அங்க இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றாள் இமோஜன்.

"தெரியும்."

"நல்லவேளை நான் அங்க இல்ல." தாள் மறுபடி புரண்டது. "'அண்மைக் காலம்'னு போட்டுக்கிறேன். பொய் இல்லையே."

கமிட்டி ஒத்துக்கொண்டது. வயலின் மேட்டுப் பக்கத்தில் வீடுகள். தாழ்ந்த மூலை புல்வெளியாகவே இருக்கும். ஏப்ரலில் வேறொரு ஊருக்குப் போகிற வழியில் மெரின் ஹாஸ்லிங்கத்துக்கு வண்டியைத் திருப்பினாள். முடித்துவிட்டுப் போன வயலுக்கு அவள் திரும்பிப் போவது அதுவே முதல் தடவை. மேட்டில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேலி ஓரத்தில் ஆப்ரி நின்று மேஸ்திரியிடம் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

"கேட்டியாம்மா அநியாயத்தை. புதுத் தெருவுக்கு என் பேரை வைக்கப் போறாங்களாம். இன்னும் சாகாத ஆளுக்குத் தெரு எதுக்கு? யாராவது குடிச்சிட்டு வந்து தர்கெட்டில் எங்கடான்னு கத்துவான். நான் எட்டிப் பாக்கணுமா?"

மெரின் வாய்விட்டுச் சிரித்தாள். இருவரும் மெதுவாகக் கீழ்மூலைக்கு நடந்தார்கள். வடிகால் குழாய் உடைந்தே கிடந்ததால் அங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. முழங்கால் ஆழம்கூட இருக்காது. அகலமாக, அசையாமல், வானத்தை வாங்கிக்கொண்டு கிடந்தது. ஓரத்தில் கோரை முளைவிட்டிருந்தது. காட்டு வாத்து ஒன்று அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. கோடு பின்னாலேயே கலைந்தது.

"தானாவே வந்துடுச்சு பாத்தியா" என்றார் ஆப்ரி. "நாங்க மூணு தலைமுறையா இதை விரட்டிக்கிட்டே இருந்தோம்."

"புது வீட்டுக்குக் குடிவர்றவங்க இதைப் பாத்து என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். குளம்னு சொல்லு. அது போதும்."

மேலே கலவை மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. ஆப்ரி கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பாலாடைக்கட்டி சாண்ட்விச்சை எடுத்தார். ஒழுங்காக இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் நீட்டினார். அவள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்தபடி, அவசரமில்லாமல், நின்றுகொண்டே இருவரும் சாப்பிட்டார்கள்.